தனியே விட்டால் பதறும் நாய்க்கு

அம்மா கனடாவுக்கு அண்ணனிடம் போன பிறகுதான் எங்கள் நாய் மணி முதன்முறையாக வீட்டில் தனியே இருந்தான். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீடு. வேலை முடிந்து வந்து பார்த்தால் கதவின் கீழ்ப்பக்கம் முழுக்க நகக்கீறல், தரையில் எச்சில், முன்னங்கால் நகமொன்றில் இரத்தம். அன்றைக்கு அவனை ஏசிவிட்டேன். ஏசாதீர்கள். பயத்தில் செய்ததற்கு ஏசினால் பயம்தான் கூடும்.

முதலில் போனில் வீடியோவைப் போட்டுவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். இந்தப் பதற்றம் பெரும்பாலும் முதல் அரை மணித்தியாலத்துக்குள் தொடங்கிவிடும். மணி படலை சாத்தும் சத்தத்திலேயே ஊளையிடத் தொடங்கியிருந்தான்.

நாங்கள் வெளிக்கிடுவதை அவன் முன்பே கண்டுபிடித்துவிடுவான். ஸ்கூட்டித் திறப்பு கிலுங்கினால் போதும், எழுந்து நின்று இளைப்பான். அதனால் நாளுக்குப் பத்துத் தரம் திறப்பை எடுத்தேன், திரும்பக் கதிரையில் இருந்தேன். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு குசினியில் மரக்கறி வெட்டினேன். சில நாளில் திறப்புச் சத்தத்துக்கு ஒரு காதை மட்டும் நிமிர்த்தினான்.

பிறகு கதவு. வெளியே போய்ச் சாத்தி, ஐந்து எண்ணி, அவன் முனகுவதற்கு முன் உள்ளே வரவேண்டும். அடுத்தது பத்து, இருபது, திரும்ப ஏழு. ஒவ்வொரு தரமும் கூட்டிக்கொண்டே போகக்கூடாது. முனகினால் நேரம் கூடிவிட்டது என்று அர்த்தம், அடுத்த முறை குறையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு வர எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. அந்த மாதம் முழுக்க வேலைநாளில் அவனைப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் விட்டேன். இடையில் ஒரு நாள் பதறவிட்டாலும் பழக்கியது பின்னுக்குப் போய்விடும்.

சோற்றையும் முள்ளெடுத்த மீனையும் பிசைந்து, தட்டில் அப்பி, பிரிட்ஜில் உறையவைத்துக் கொடுக்கலாம். வெங்காயம் சேர்க்கவேண்டாம், நாய்க்கு நஞ்சு. நீங்கள் போனபின் தட்டைத் தொடாமல் விட்டிருந்தால் இன்னும் பயம் போகவில்லை.

சங்கிலியில் கட்டுவதும் கூட்டில் அடைப்பதும் வேண்டாம், பல்லை உடைத்துக்கொள்ளும். இன்னொரு நாய் வாங்கினாலும் பெரும்பாலும் சரிவராது, அது தேடுவது மனிசரை. தன்னையே காயப்படுத்தும் அளவுக்குப் போனால் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். இதற்கென்று மாத்திரைகள் இருக்கின்றன, வேலைசெய்யச் சில கிழமை எடுக்கும். வீட்டிலுள்ள மனிசர் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தமுறை நல்லூர்த் தேரன்று மூன்று மணித்தியாலம் தனியே இருந்தான். வீடியோவில் பார்த்தேன்: படலை வரை காது கொடுத்தான், தட்டை நக்கினான், அம்மாவின் பாயில் சுருண்டு படுத்தான்.