பழைய ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி ஏறுமா? பார்த்துச் சொல்வது எப்படி

பரணில் கிடக்கும் பழைய வைஃபை ரவுட்டரும் ஒரு குட்டிக் கணினிதான். அதில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் வகை இயங்குதளத்தை, கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாக, ஏற்றலாம். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூலநிரல் வெளியானதை ஒட்டி 2004-ல் தொடங்கிய திட்டம் இது. பெயரின் கடைசி மூன்றெழுத்து அங்கிருந்து வந்ததுதான். ஆனால் எல்லா ரவுட்டரிலும் ஏறாது.

படி 1: ரவுட்டரைத் திருப்பிப் போடுங்கள்

அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் பெயரோடு 'வி1', 'வி2' என்று பதிப்பு எண் இருக்கும். கடையில் ஒரே பெயரில் விற்பார்கள், உள்ளே வேறு பொருள் இருக்கும். அந்த டபிள்யூஆர்டி54ஜியே ஐந்தாம் பதிப்பில் லினக்ஸை விட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறு இயங்குதளத்துக்கு மாறியது. ஃபிளாஷ் (மென்பொருளைச் சேமிக்கும் இடம்) 2 எம்பி, ராம் (ஓடும்போது பயன்படும் நினைவகம்) 8 எம்பி என்று பாதியாகச் சுருங்கியது. டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7-ல் வி2 நன்றாக ஓடும். வி1-லோ 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேலை செய்யாது, அதன் ரேடியோ சில்லுக்கு டிரைவர் (சில்லை இயக்கும் மென்பொருள்) ஆதரவு இல்லை. நானும் ஒருமுறை எண்ணைப் பார்க்காமல் ஏற்றி ஒரு ரவுட்டரை எதற்கும் உதவாத செங்கல்லாக்கியிருக்கிறேன்.

படி 2: எந்த 'டார்கெட்' என்று பாருங்கள்

ஓப்பன்டபிள்யூஆர்டி தளத்தின் வன்பொருள் அட்டவணையில் மாடலையும் பதிப்பையும் தேடினால் டார்கெட் தெரியும். அது சில்லுக் குடும்பத்தின் பெயர். ஏத்தரோஸ் சில்லு என்றால் ஏடிஹெச்79. மீடியாடெக் எம்டி7621 போன்றவை ராமிப்ஸ். புதிய மீடியாடெக் ஃபிலாஜிக் சில்லுகள் ஏஆர்எம் என்ற பிராசஸர் வகை. ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினிக்கு பிசிஎம்27எக்ஸ்எக்ஸ், சாதாரண பிசிக்கு எக்ஸ்86.

ஏடிஹெச்79, ராமிப்ஸ் இரண்டுமே மிப்ஸ் என்ற ஒரே வகை பிராசஸர்தானே, ஒன்றின் மென்பொருளை மற்றதில் போடலாமா? கூடாது. ஒரே எண்ணின் பைட்டுகளை ஒன்று பெரிய பக்கத்திலிருந்தும் மற்றது சிறிய பக்கத்திலிருந்தும் அடுக்கும், அதனால் ஒன்றின் நிரல் மற்றதற்குப் புரியாது.

பிராட்காம் வைஃபை சில்லு இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். திறந்த டிரைவர் சரியாக இல்லாததால் ரவுட்டர் ஓடினாலும் வைஃபை படுத்தும். புதிதாக வாங்குவதானால் நான் மீடியாடெக் பக்கம்தான் போவேன்.

படி 3: நினைவகம்

8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ராம் இருந்தால் ஒப்பேற்றலாம். 16-க்கு 128 இருந்தால் நிம்மதி. 4-க்கு 32 என்றால் விட்டுவிடுங்கள், புதிய வெளியீடுகள் அதில் அடங்காது.

படி 4: கோப்பை ஏற்றுங்கள்

கம்பெனி மென்பொருளிலிருந்து முதல்முறை மாறும்போது 'ஃபேக்டரி' கோப்பு. ஏற்கெனவே ஓப்பன்டபிள்யூஆர்டி இருந்தால் 'சிஸ்அப்கிரேட்' கோப்பு. சில மாடல்களுக்குத் தனி வழி உண்டு, அதனால் அதற்கான பக்கத்தை முழுக்கப் படித்துவிடுங்கள். இறக்கிய கோப்பின் ஷா256 எண் (கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் கைரேகை போன்றது) தளத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். அப்புறம் லேன் கேபிளைச் செருகி, ரவுட்டரின் பழைய நிர்வாகப் பக்கத்திலேயே அப்டேட் கொடுங்கள். நடுவில் கரண்ட் போகக் கூடாது. யூபிஎஸ் இருந்தால் அதில் போடுங்கள்.

ரவுட்டர் மறுபடி எழுந்ததும் உலாவியில் 192.168.1.1 திறங்கள். பயனர் 'ரூட்', கடவுச்சொல் கிடையாது, உடனே ஒன்று வையுங்கள். வைஃபை தெரியவில்லையே என்று பதற வேண்டாம். பெரும்பாலும் அது அணைந்த நிலையில்தான் வரும், நெட்வொர்க் மெனுவில் போய் நீங்களே இயக்க வேண்டும்.