யனகாவுக்கு நடக்கக் கிளம்பும் முன் பாக்கெட்டைத் தடவிப் பாருங்கள்

டோக்கியோவில் வேலைக்கு வந்து இறங்கியதும் விமான நிலையத்திலேயே ரெசிடென்ஸ் கார்டை, அதாவது இங்கே குடியிருக்கும் வெளிநாட்டவருக்கான அடையாள அட்டையை, கையில் கொடுத்துவிடுவார்கள். இங்கே அதற்கு 'சைர்யூ கார்டு' என்று பேர். வீடு பார்த்துக் குடியேறிய 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் முகவரியைப் பதிந்தால் கார்டின் பின்பக்கம் அச்சிட்டுத் தருவார்கள். இதெல்லாம் கம்பெனி எச்.ஆர். சொல்லிவிடும்.

ஆனால் நமக்கு ஊரிலிருந்தே ஒரு பழக்கம் உண்டு: ஒரிஜினல் பீரோவில், ஜெராக்ஸ் பர்ஸில். நானும் அப்படித்தான் கார்டைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பூட்டி வைத்தேன். போனில் போட்டோ இருக்கிறதே என்ற தைரியம் வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை டிராயரோடு, போனை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நிஷிகசாயில் தோசாய் லைன் மெட்ரோ ஏறி, ஓதேமாச்சியில் சியோதா லைன் மாறி, செந்தாகியில் இறங்கினால் யனகா. 1923 பூகம்பத்துக்கும் 1945 குண்டுவீச்சுக்கும் பெரும்பாலும் தப்பிய பேட்டை. சந்துக்குச் சந்து கோயில், வாசலுக்கு வாசல் பூந்தொட்டி. முச்சந்தியில் ஒரு இமயமலை தேவதாரு மரம் நிற்கிறது. தொட்டிச் செடியாக இருந்து வளர்ந்ததாம். நம்ம பக்கத்து மரம் இங்கே வேர் விட்டிருப்பதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் நகரவே மனசு வரவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கும் போங்கள். ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர்களான ஷோகன்களில் கடைசியானவர் தோகுகாவா யோஷினோபு அங்கேதான் இருக்கிறார். 1957-இல் எரிந்துபோன ஐந்தடுக்குக் கோபுரத்தின் அஸ்திவாரக் கற்களும் அங்கே கிடக்கின்றன.

யார் வீட்டு வாசலையோ நாலு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது சைக்கிளில் வந்த போலீஸ்காரர் இறங்கினார். ரொம்ப மரியாதையாகத்தான் கார்டு கேட்டார். போனை நீட்டினேன். செல்லாது என்று தலையாட்டிவிட்டார். போட்டோ செல்லாது, ஜெராக்ஸ் செல்லாது. நம்மைப் போல் இங்கே குடியிருப்பவர்களுக்குப் பாஸ்போர்ட்கூட அதற்கு ஈடாகாது. 16 வயது ஆகிவிட்டால் கார்டு எந்நேரமும் உடம்போடு இருக்க வேண்டும் என்பது சட்டம். இல்லையென்றால் 2 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கலாம். காபி வாங்கத் தெருமுனைக்குப் போனாலும் இதே கதைதான்.

தொலைந்துவிடுமே என்று பயப்படாதீர்கள். போலீஸில் எழுதிக்கொடுத்துவிட்டு 14 நாளுக்குள் இமிக்ரேஷனில் விண்ணப்பித்தால் காசில்லாமல் புதுசு தருவார்கள். என் கார்டு இப்போது போன் கவருக்குள் இருக்கிறது.

அன்றைக்கு அபராதம் இல்லாமல் தப்பித்தேன். ஆனால் இரண்டு மணி நேரம் தெருவோரப் போலீஸ் பூத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயில் மாறி மாறி வந்து கார்டை நீட்டினாள் மனைவி. போலீஸ்காரருக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்:

"மயிலாப்பூர்ல ஆறு வருஷம் இருந்தோம். ஒருநாளாவது என்கூட நாலு மாட வீதி சுத்தி வந்திருப்பீங்களா?"