டிஎன்ஏ கிட் வாங்கி வம்சம் தேடுவது எப்படி: தோட்டத்துப் பிள்ளைகளுக்கு

என் தாத்தாவின் சொந்த ஊர் எது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. “துறையூர் பக்கம்” என்பார் அத்தை. எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்டால் வெற்றிலையை மென்றபடி கையை ஆட்டிவிடுவார். தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, மலேயாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். அப்பாவின் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், தாத்தா பெயர் இருக்கிறது, ஊர் இல்லை. தோட்டத்துக் கிராணி (கணக்கர்) எழுதிக் கொடுத்த காகிதங்களிலும் இல்லை.

இரண்டு வருடம் டிஎன்ஏ சோதனையோடு மல்லுக்கட்டி, ஒருவழியாக ஊரை நெருங்கிவிட்டேன். எப்படி என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் இந்தப் பதிவு. குரோமோசோம் என்றால் என்ன என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நேராக வேலைக்குப் போகலாம்.

1. முதல் கிட் வீட்டில் மூத்தவருக்கு

கிட் என்பது வீட்டிலேயே மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் பெட்டி. ஆர்வக்கோளாறில் எல்லோரும் முதலில் தன் எச்சிலைத்தான் அனுப்புகிறோம். நானும் அனுப்பினேன். அந்தக் காசை மிச்சம் பிடித்திருக்கலாம். முன்னோரிடமிருந்து வந்தது ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் கழிந்துகொண்டே போகும். பின்னால் சொல்லப்போகும் டர்பன் அம்மாவோடு எனக்கு ஒத்துப்போனது 62 சென்டிமார்கன் (பொதுவான டிஎன்ஏவை அளக்கும் அலகு). என் அத்தைக்கு 148. என்னுடையது மட்டும் இருந்திருந்தால் அந்தப் பெயரைக் கவனிக்காமலே தாண்டிப் போயிருப்பேன்.

பெரியவர்களிடம் ஏன் எடுக்கிறோம் என்று விளக்கிச் சொல்லிவிட்டு எடுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. மனைவி மறுமணம் செய்துகொண்டு, வளர்த்தவர் பெயரே அப்பா பெயராகப் பதிவான வீடுகளும் உண்டு. பாட்டிகளுக்கு அது தெரிந்திருக்கும், சொல்லியிருக்க மாட்டார்கள். கிட் சொல்லிவிடும். கேட்கத் தயாரா என்று வீட்டில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

2. எச்சில் குழாயா, பஞ்சுக் குச்சியா

பஞ்சுக் குச்சி. வயதானவர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

அத்தைக்கு நான் முதலில் வாங்கியது எச்சில் குழாய். கோடு வரை துப்ப வேண்டும், நுரை கணக்கில் சேராது. எண்பத்து மூன்று வயதில் வாயில் அவ்வளவு ஈரம் ஏது? கால் மணி நேரம் துப்பியும் பாதிக் குழாய்தான் நிறைந்தது, அதுவும் இளஞ்சிவப்பாக. “காலையில் ஒரே ஒரு வாய்தான்டா போட்டேன்” என்றார். ஆறு வாரம் கழித்து மாதிரி சரியில்லை என்று மின்னஞ்சல் வந்தது.

இரண்டாவது முறை மைஹெரிட்டேஜ் என்ற நிறுவனத்தின் கிட். கன்னத்தின் உட்புறத்தில் குச்சியைத் தேய்த்து மருந்துத் திரவக் குப்பியில் போட்டால் முடிந்தது. ஃபேமிலிட்ரீ டிஎன்ஏ என்ற நிறுவனத்துக்கும் குச்சிதான். எதுவானாலும் எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு சாப்பாடு, தண்ணீர் எதுவும் கூடாது. வெற்றிலை போடுபவர் என்றால் என் அனுபவத்தில் அதிகாலை எழுந்தவுடன், வெற்றிலைப் பெட்டியை ஒளித்துவைத்துவிட்டு எடுப்பதுதான் ஒரே வழி.

எந்தச் சோதனை என்று குழம்ப வேண்டாம், அப்பா வழி அம்மா வழி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஆட்டோசோமல் வாங்குங்கள். ஒய் சோதனை ஆண்வழியாக மட்டும் போகும், அதாவது பங்காளி வழி. மைட்டோகாண்ட்ரியா சோதனை அம்மாவின் அம்மாவின் அம்மா என்று ஒரே கோடாகப் போகும். அதில் ‘எம்’ பிரிவு என்று பதில் வந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். இந்தியர்களில் பாதிக்கும் மேல் அந்தப் பிரிவின் கிளைகள்தான்.

எத்தனை சதவீதம் எந்த நாடு என்று வரும் வண்ண வரைபடத்தைக் குடும்பக் குழுவில் போட்டுச் சிரித்துவிட்டு மூடிவிடுங்கள். ‘தென்னிந்தியா’ என்று தெரிந்துகொள்ளவா இவ்வளவு வெள்ளி செலவழித்தோம்?

3. முடிவு வருவதற்குள் கல்யாணக் கணக்கு எழுதுங்கள்

ஆங்கிலத்தில் இருக்கும் வழிகாட்டிகள் எல்லாம் குடும்பப் பெயர்களைப் பட்டியலிடச் சொல்லும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? ஒரு தலைமுறையின் பெயர் அடுத்ததற்கு முன்னெழுத்தாகி, அதற்கடுத்ததில் காணாமல் போகும். அதற்குப் பதிலாக இரண்டு விஷயங்களை எழுதுங்கள்.

ஒன்று, யார் பெயர் யாருக்கு வைக்கப்பட்டது. பேரன் என்பதே பெயரன்தான். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் உள்ள வீடு என்றால், காகிதத்தில் இல்லாத ஒரு தலைமுறையின் பெயர் உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது. என் தாத்தா மூத்த பேரன். ஆக அவருடைய தாத்தாவின் பெயரும் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டேன். உத்தேசம்தான், ஆனால் பின்னால் இந்த ஒரு வரி என்னைக் காப்பாற்றியது.

இரண்டு, யார் யாரைக் கட்டினார்கள், கட்டுவதற்கு முன் என்ன உறவு. இதை நான் எழுதவில்லை. அதற்கான தண்டனை ஐந்தாவது படியில்.

4. மூலக் கோப்பை இறக்கி, ஜெட்மேட்சில் ஏற்றுங்கள்

முடிவு வந்ததும் உங்கள் கணக்கிலிருந்து மூலத் தரவுக் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். ஜிப் கோப்பாக வரும், உள்ளே ஆறேழு லட்சம் வரிகள். அதை எக்செல்லில் திறந்து பார்த்து, மூடும்போது ‘சேமிக்கவா’ என்று கேட்டால் தலையாட்டிவிடாதீர்கள், கோப்பு கெட்டுவிடும். நான் தலையாட்டினேன். ஏற்றும்போது பிழை, மீண்டும் பிழை, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. திறக்காமல், ஜிப்பாகவே ஏற்றுங்கள்.

இறக்கிய கோப்பை வீட்டில் ஒரு பென்டிரைவிலும் வையுங்கள். 23அண்ட்மீ என்ற சோதனை நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தபோது எத்தனை பேர் அரக்கப்பரக்க ஓடினார்கள் என்று பார்த்தோம்.

ஜெட்மேட்ச் ஏன்? வெவ்வேறு நிறுவனத்தில் சோதித்தவர்கள் சந்திக்கும் சந்தை அது. அழகாக இருக்காது, பழைய காலத்து அரசு அலுவலகம் மாதிரி இருக்கும். ஆனால் எந்தக் குரோமோசோமில் எந்தத் துண்டு ஒத்துப்போகிறது என்று திறந்து காட்டும். ஆன்செஸ்ட்ரி என்ற இன்னொரு நிறுவனத்தில் அதைப் பார்க்க வழியே இல்லை, எனக்கு அது பிடிக்காததற்கு அதுதான் காரணம். ஒன்று கவனம்: 2018-ல் கலிபோர்னியாவில் ஒரு தொடர் கொலைகாரனைப் போலீஸ் பிடித்தது இந்தத் தளத்தில் உறவினர்களைத் தேடித்தான். ஏற்றும்போது போலீஸ் தேடலுக்கு அனுமதி உண்டா என்று கேட்கும். படித்துப் பார்த்து, கிட்டுக்கு உரியவரிடம் கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

5. சென்டிமார்கனை நம்பி மோசம் போகாமல் இருப்பது

நான் எட்டு மாதம் வீணடித்த இடம் இது.

இருவருக்குப் பொதுவான டிஎன்ஏவை சென்டிமார்கனில் சொல்வார்கள். எந்த உறவுக்கு எவ்வளவு என்று பிளேய்ன் பெட்டிங்கர் என்ற வம்ச ஆய்வாளர் ஆயிரக்கணக்கானவர்களிடம் திரட்டிய கணக்கு இருக்கிறது. டிஎன்ஏ பெயின்டர் தளத்தில் எண்ணைத் தட்டினால் உறவு வரும். பெரியப்பா, சித்தி, மாமா, அத்தை பிள்ளைகளோடு சராசரி 866. தாத்தாக்களோ பாட்டிகளோ உடன்பிறந்தவர்கள் என்றால் பேரப்பிள்ளைகளுக்குள் 229. அதற்கும் ஒரு படி மேலே போனால் 73, சில சமயம் ஒன்றுமே இருக்காது.

அத்தைக்கும் தென்னாப்பிரிக்காவில் டர்பனில் இருக்கும் ஓர் அம்மாவுக்கும் 148, பதினொரு துண்டுகள். தட்டினேன். அத்தையின் தாத்தாவும் அந்த அம்மாவின் கொள்ளுத்தாத்தாவும் அண்ணன் தம்பி என்பதற்கு அழகாகப் பொருந்தியது. அவர் கொள்ளுத்தாத்தா 1890-களில் மதராஸிலிருந்து, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர். வருடமும் பொருந்துகிறது. நான் உடனே கடிதம் எழுதிவிட்டேன். அவர் குடும்பம் முழுக்கச் சொல்லி, தீபாவளிக்கு வீடியோ அழைப்பில் இருபது பேர் கையசைத்தார்கள்.

தப்பு. எல்லாமே தப்பு.

அந்தக் கணக்கு, பெரும்பாலும் உறவுக்குள் கட்டிக்கொள்ளாதவர்களிடம் எடுத்த கணக்கு. மாமன் மகளைக் கட்டினால் சொத்து வெளியே போகாது என்பார்கள் அல்லவா? டிஎன்ஏவும் போகாது. பத்துப் பன்னிரண்டு ஊர்களுக்குள், ஒரே சாதிக்குள், தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால், தூரத்து உறவுகூட நான்கைந்து வழிகளில் சொந்தம். ஒவ்வொரு வழியிலும் ஒரு சின்னத் துண்டு வந்து சேர்ந்து, கூட்டுத்தொகை ஊதிப்போய்க் கிட்டத்துச் சொந்தம் மாதிரி காட்டும்.

அதனால் மொத்தத்தைப் பார்க்காதீர்கள். துண்டுகளைப் பாருங்கள். ஜெட்மேட்சில் ஒருவருக்கொருவர் ஒப்பிடும் கருவியில், குறைந்தபட்சத் துண்டு அளவு 7 என்று இருக்கும். அதை 15 என்று மாற்றி மறுபடி ஓட்டுங்கள். அத்தையின் 148 அப்படியே 54 ஆகச் சுருங்கியது. மிஞ்சியவை இரண்டே துண்டுகள், 31 ஒன்று, 23 ஒன்று. மற்ற ஒன்பதும் பொடிப்பொடியாக வந்த பழைய சரக்கு. உண்மையிலேயே கிட்டத்து உறவு என்றால் துண்டுகள் குறைவாக, நீளமாக இருந்திருக்கும்.

அதே தளத்தில், பெற்றோர் ஒருவருக்கொருவர் உறவா என்று பார்க்கும் கருவியும் இருக்கிறது. அதில் அத்தையின் கிட்டை ஓட்டினேன். இருநூறு சென்டிமார்கனுக்கு மேல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தது. அத்தை மகன், மாமன் மகள் கட்டிக்கொண்ட வீட்டுப் பிள்ளைக்கு வரக்கூடிய அளவு அது. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டியிருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். வெள்ளைக்கார வழிகாட்டிகள் இந்த இடத்தில் அதிர்ச்சி, ஆறுதல் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். நான் தயங்கித் தயங்கி அத்தையிடம் சொன்னேன்.

“முறைப்பெண்ணைத்தானேடா கட்டினார் எங்க அப்பா. இதைக் கண்டுபிடிக்கவா இவ்வளவு காசு? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

கேட்டிருக்க வேண்டும். மூன்றாவது படியை இப்போது மறுபடி படியுங்கள்.

பொருத்தங்களை நான்கு நிறமாகப் பிரித்து நான்கு தாத்தா பாட்டி வழி கண்டுபிடிக்கும் டேனா லீட்ஸ் முறையைப் பலரும் பரிந்துரைப்பார்கள். முயன்று பார்த்தேன். எங்கள் பட்டியலில் எல்லாமே ஒரே நிறமாகிவிட்டது. உறவுக்குள் கட்டாத குடும்பம் என்றால் உங்களுக்கு உதவலாம்.

6. பொருத்தமானவருக்கு எழுதுவது

நான்கு வரி போதும். யாருடைய கிட், எந்த ஊர் என்று நம்புகிறீர்கள், எப்போது கடல் கடந்தார்கள், என்ன தெரிய வேண்டும். எடுத்த எடுப்பிலேயே சாதி கேட்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் கோவெண்டர் ஆகியிருக்கும், முதலி மூட்லி ஆகியிருக்கும், ஆனால் பட்டத்தை வைத்து முடிவுகட்ட முடியாது. கப்பலேறும்போது மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. உறவு இன்னதுதான் என்று என்னைப் போல் முதல் கடிதத்திலேயே அடித்துச் சொல்லிவிடவும் வேண்டாம்.

7. கடைசியில் காகிதம்தான்

டிஎன்ஏ ஆளைக் காட்டும், ஊரைக் காட்டாது. ஊர் காகிதத்தில்தான் இருக்கிறது. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், அப்பா பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் வரை இருக்கும். டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் தேடலாம். மொரீஷியஸ் உறவு என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம், அங்கே சிலருக்குப் புகைப்படமே இருக்கிறது. கங்காணி கூட்டிவந்த நம் ஆட்களுக்கு அப்படி ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் நேட்டால் சொந்தம் ஒன்று அமைந்தால் விடாதீர்கள் என்கிறேன். அவர்கள் காகிதத்தில் நம் ஊர் இருக்கலாம்.

டர்பன் அம்மா வீட்டுப் பழைய கல்யாணச் சான்றிதழில் அந்த எண் இருந்தது. பட்டியலில் ஜில்லா திருச்சினாப்பள்ளி, தாலுகா ‘மூசரி’. முசிறி! துறையூர் அன்று முசிறி தாலுகாவில்தான் இருந்தது. கிராமத்தின் பெயரும் இருக்கிறது, அது அவர் வீட்டுக் காகிதம் என்பதால் இங்கே எழுதவில்லை. ஆனால் அப்பா பெயர் என்ற கட்டத்தில், நான் பெயரன் கணக்கில் எழுதிவைத்த பெயர் இல்லை, வேறு யாரோ. அண்ணன் தம்பி என்றால் இருவருக்கும் அப்பா ஒருவராகத்தானே இருக்க வேண்டும்? அங்கேதான் அந்தக் கதை உடைந்தது. சொந்தம் உண்டு, அது இன்னும் மேலே எங்கேயோ இருக்கிறது. இருபது பேருக்கும் மறுபடி அழைத்து விளக்கினேன். “அதனால் என்ன, சொந்தம் சொந்தம்தானே” என்று இட்லி காட்டிச் சிரித்தார் அந்த அம்மா.

பின்சேர்க்கை 1: இரண்டு கிட்டை ஒரே நாளில் எடுத்து, குப்பி மாறிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு ஒருவர் எழுதியிருந்தார். ஒருவருக்கு எடுத்து உறையை ஒட்டிய பிறகே அடுத்த பெட்டியைத் திறங்கள். பட்டைக்குறி எண்ணை அனுப்பும் முன் கணக்கில் பதிவுசெய்து, பெட்டியின் மேலேயே பெயரைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: பெரியப்பா மகனோடு 1,700-க்கு மேல் வருகிறது, அப்பா வேறோ என்று இரவெல்லாம் தூங்காமல் இன்னொருவர் எழுதினார். அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் அக்கா தங்கையைக் கட்டியிருக்கிறார்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அப்படியென்றால் பிள்ளைகள் இரண்டு பக்கமும் சொந்தம், 866-இன் இரு மடங்கு வரத்தான் செய்யும்.

பின்சேர்க்கை 3: டர்பன் அம்மாவின் பெரியம்மாவுக்குத் தொண்ணூறு வயதாம். அவருக்குக் கிட் போயிருக்கிறது. அவரும் வெற்றிலை போடுபவர் என்று நேற்றுத்தான் தெரிந்தது.