ஒட்டுக்கட்ட ஆஸ்ட்ரோஃபைட்டம் நாற்று

மெக்சிகோ, டெக்சாஸ் பக்கத்து ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ் கள்ளி சொந்த வேரில் ரொம்ப மெதுவாகத்தான் வளரும். பூக்க வருஷக்கணக்கில் ஆகும். அதனால் நான் விதை போட்டு, நாற்று மிளகளவு இருக்கும்போதே வேகமாக வளரும் பெரெஸ்கியோப்சிஸ் என்ற இலைக் கள்ளியின் தண்டில் ஒட்டிவிடுகிறேன்.

விதை போடும் கலவைக்கு, சலித்த ஆற்று மணலும் பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல் துகள்) பாதிப்பாதி, ஒரு கைப்பிடி மண்புழு உரம். இட்லிப் பானையில் 30 நிமிடம் அவித்து ஆறவையுங்கள். இதில் மட்டும் சோம்பல் வேண்டாம். முதல் தடவை அவிக்காமல் போட்டு, 40 நாற்றும் பூஞ்சை பிடித்துப் போயின. இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

விதை சின்னத் தொப்பி மாதிரி பளபளவென்று இருக்கும். மேலாகத் தூவினால் போதும், மண் மூடக்கூடாது. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, ஜன்னலோர வெளிச்சம். 25-30 டிகிரியில் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும்.

நாற்று 3-5 மில்லிமீட்டர் வந்துவிட்டதா? சரி, புது பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, பெரெஸ்கியோப்சிஸின் இளந்தளிர் நுனியைக் குறுக்கே வெட்டுங்கள். நாற்றை வேருக்குச் சற்று மேலே அறுங்கள். இரண்டு வெட்டிலும் மெல்லிய வளையம் தெரியும். நீர் ஏறும் வழி அதுதான். இரு வளையங்களும் ஓரிடத்திலாவது தொட வேண்டும். நாற்றை வைத்து லேசாக அழுத்தினால் போதும், சாறே பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஈரமான மூடிய பெட்டியில், நிழலில் 3 நாள். வாடாமல் உப்பி நின்றால் ஒட்டு பிடித்துவிட்டது.