மாடித் தொட்டியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி: முதலில் கொடியைச் சரியாகப் பாருங்கள்

பெங்களூரு அல்சூருக்குக் குடிவந்த வருடம், ஒரு நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி கேட்டு வாங்கினேன். மளமளவென்று படர்ந்தது. ஊரிலிருந்து வந்த அத்தை ஓர் இலையைக் கிள்ளித் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது கரிசாலையே இல்லடி" என்றார்கள். பொரியலுக்கு நறுக்கவிருந்தேன்!

அது சிங்கப்பூர் டெய்சி. பெயர்தான் சிங்கப்பூர், பூர்வீகம் மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கம். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பூவை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம், இரண்டும் மஞ்சள். இலையைப் பாருங்கள். டெய்சியின் இலை தடித்துப் பளபளக்கும், இருபுறமும் காதுபோல் மடல் நீட்டியிருக்கும். நம் கரிசாலை இலை ஒடுங்கி நீண்டது, மடல் கிடையாது, தடவினால் சொரசொரக்கும். டெய்சியிலும் சில இலைகள் மடலில்லாமல் வரும் என்பதால் ஒரே இலையோடு நிறுத்தாமல் கொடி முழுக்கப் பாருங்கள்.

சரியான கொடி எனக்குச் சந்தையில் கீரைக்கட்டாகவே கிடைத்தது. "கணுவுல வேர் விட்டிருக்கிறதா எடுத்துக்கோ கண்ணு" என்று கீரைக்கார அக்காவே பிரித்துக் கொடுத்தார்.

ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளை நீக்குங்கள். செம்மண், மணல், மக்கிய சாணம் சம அளவு. செம்மண்ணை மட்டும் போட்டால் இறுகிவிடும். தண்டைக் குத்தி நடாமல் படுக்கவைத்து, இரண்டு கணுக்களை மண்ணால் மூடுங்கள். கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும் செடி இது. அதனால் உயரமான குரோ பேக் வீண், அகலமான ஆழமில்லாத தொட்டிதான் என் தேர்வு. இரண்டு வாரம் நிழலில் வைத்துவிட்டு வெயிலுக்கு மாற்றலாம். வயல் வரப்பு ஈரத்தில் வளர்கிற செடி, மண் காயவே கூடாது.

பின்சேர்க்கை: அறுத்த பிறகு துளிர்க்கவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். தரையோடு அறுக்காதீர்கள், இரண்டு கணு விட்டு அறுங்கள். வெள்ளைக் கரிசாலைக்கும் இதே முறையா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அது வேறு செடி, விதை போடுவதே சுலபம். மஞ்சள் கரிசாலை பல வருடம் நிற்கும். என் தொட்டிக்கு இது நான்காவது மழைக்காலம்.