விர்ச்சுவல் மெஷின் மெதுவாக ஓடுகிறதா? ரேமை விடுங்கள், டிஸ்க்கைப் பாருங்கள்

என் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ். டேலி கணக்கு மென்பொருளுக்காக மட்டும் உள்ளே ஒரு விண்டோஸ் 10 விர்ச்சுவல் மெஷின், அதாவது கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர். அதைத் திறந்துவிட்டுப் பால் காய்ச்சி காபி போட்டு எடுத்து வந்தால், அப்போதுதான் ஐகான்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். ரேமை 4 ஜிபியிலிருந்து 8 ஆக்கிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. உள்ளே டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ரேம் பாதி சும்மா கிடக்கிறது, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறது.

முதலில் ஹைப்பர்வைசர், அதாவது விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் மென்பொருள். லினக்ஸ்காரர்களுக்கு நான் சொல்வது கேவிஎம். 2007இல் வந்த 2.6.20 பதிப்பிலிருந்து லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது, அதைக் கையாளும் ஜன்னலான விர்ட்-மேனேஜரை மட்டும் நிறுவினால் போதும். ப்ராசஸர் பகுதியில், நிஜ ப்ராசஸரை அப்படியே உள்ளே காட்டும் ஹோஸ்ட்-பாஸ்த்ரூவைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ்தான் ஹோஸ்ட் (வெளியே ஓடும் அசல் கம்ப்யூட்டர்) என்றால் மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வியோடு நின்றுவிடுங்கள். அது ஓடும்போதே வெர்ச்சுவல்பாக்ஸ் என்ற இன்னொரு ஹைப்பர்வைசரையும் ஓட்டினால் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் ஒரு பச்சை ஆமை வந்து உட்காரும். ஏன் ஆமை என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, விர்ச்சுவல் மெஷினுக்கு டிஸ்க்காக இருக்கும் கோப்பு எங்கே இருக்கிறது? இடம் மிச்சம் என்று நான் அதைச் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தேன். மெஷினை அணைத்துவிட்டு எஸ்எஸ்டிக்கு நகலெடுங்கள். பழையது பேக்கப்பாக இருக்கட்டும். விர்ட்-மேனேஜரில் பழைய டிஸ்க்கை நீக்கும்போது கோப்பையும் அழிக்கவா என்று கேட்கும், அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். புதிய கோப்பை இப்போதைக்குப் பழைய சாட்டா பஸ்ஸிலேயே (பஸ் என்பது டிஸ்க்கை இணைக்கும் வழி) சேருங்கள்.

இனி நான் இடறி விழுந்த இடம். சாட்டா என்பது நிஜ வன்பொருளைப் போல நடிப்பது, அந்த நடிப்புக்கே நேரம் போகும். விர்ட்ஐஓ விர்ச்சுவல் மெஷினுக்கென்றே செய்தது, அதனால் வேகம். இதைப் படித்த ஜோரில் டிஸ்க் பஸ்ஸை நேராக விர்ட்ஐஓ என்று மாற்றினேன். நீலத்திரை. பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்றது விண்டோஸ். டிரைவர் இல்லாமல் அது எப்படிப் படிக்கும்? டிரைவரோ படிக்க முடியாத அந்த டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும்.

வழி இதுதான். பிரதான டிஸ்க்கைத் தொடாமல், 1 ஜிபியில் ஒரு வெற்று டிஸ்க்கை விர்ட்ஐஓ பஸ்ஸில் சேருங்கள். ஃபெடோரா திட்டம் தரும் ‘விர்ட்ஐஓ-வின்’ (virtio-win) என்ற டிரைவர் ஐஎஸ்ஓவை சிடியாக மாட்டி விண்டோஸைத் தொடங்குங்கள். டிவைஸ் மேனேஜரில் எஸ்சிஎஸ்ஐ கன்ட்ரோலர் என்று மஞ்சள் குறியோடு ஒன்று நிற்கும். ரைட் கிளிக் செய்து, அப்டேட் டிரைவரில் அந்த சிடியைக் காட்டுங்கள். மஞ்சள் போய்விட்டால் வேலை முடிந்தது. அப்புறம் ஷிஃப்ட்டை அழுத்தியபடியே ஷட் டவுன் கொடுங்கள். இல்லாவிட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் பாதித் தூக்கத்தில்தான் விடும். இப்போது பிரதான டிஸ்க்கை விர்ட்ஐஓவுக்கு மாற்றுங்கள், வெற்று டிஸ்க்கை நீக்குங்கள். எனக்குக் காபி ஆறுவதற்கு முன்பே டேலி திறந்துவிடுகிறது.

டிஸ்க் கோப்பின் வடிவம் ரா (raw) என்றால் கொஞ்சம் வேகம். எனக்கு ஸ்னாப்ஷாட் (பழைய நிலைக்குத் திரும்ப உதவும் பதிவு) வேண்டும், அதனால் க்யூகவ்2 (qcow2) வடிவம்தான். கேஷ் மோடில் (எழுதுவதை ஹோஸ்ட் எப்படித் தேக்கிவைப்பது என்ற அமைப்பு) ‘நன்’ (none) வைத்திருக்கிறேன். அன்சேஃப் வேகமாகத் தெரியும், ஆனால் டிஸ்க்கில் எழுதி முடி என்று விண்டோஸ் கேட்பதையே அது காதில் போட்டுக்கொள்ளாது. கரண்ட் போய்வரும் வீட்டில் கணக்குப் புத்தகத்தை அதில் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பின்சேர்க்கை: எல்லாம் செய்தும் பூட் டிஸ்க்கே காணோம் என்று ஒருவர் எழுதியிருந்தார். பஸ் மாற்றிய பிறகு பூட் ஆப்ஷன்ஸில் அந்த டிஸ்க்குக்கு டிக் இருக்கிறதா பாருங்கள். இன்னொருவருடைய ஹோஸ்டில் ஃபைல் சிஸ்டம் பிடிஆர்எஃப்எஸ் (btrfs). அதில் காப்பி-ஆன்-ரைட்டை (மாற்றங்களைப் பழைய இடத்தில் எழுதாமல் புதிய இடத்தில் எழுதும் முறை) நிறுத்தினால் நல்லது, தரவு கெட்டால் காட்டிக்கொடுக்கும் செக்சம் பாதுகாப்பும் கூடவே போகும் என்பது தெரிந்திருக்கட்டும். ஏற்கெனவே எழுதப்பட்ட கோப்பில் அதை நிறுத்திப் பயனில்லை. காலி ஃபோல்டரில் நிறுத்திவிட்டு, கோப்பை அதற்குள் நகலெடுக்க வேண்டும். அவர் நகர்த்தியிருந்தார், அதனால்தான் ஒன்றும் மாறவில்லை.