மலையில் தீ மூளுமுன்: தோட்டம், திணைக்களம், கிராமம் மூன்றும் சேர்ந்து இயங்கும் முறை

இலங்கை மலையகத்தில் ஊவாப் பக்கத்து மலை ஒன்றைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால், அடிவாரத்தில் லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளும் மரக்கறித் தோட்டங்களும், அவற்றுக்கு மேலே தேயிலையும், அதற்கும் மேலே மானாப்புல்லும், உச்சியில் 1970களிலும் 1980களிலும் நடப்பட்ட பைனஸ் என்னும் ஊசியிலை மரக் காடும் அடுக்கடுக்காகத் தெரியும். ஒவ்வோர் அடுக்குக்கும் பொறுப்பாளர் வேறு. தேயிலை பெருந்தோட்டக் கம்பனியின் கையில் இருக்கிறது. பைனஸ் காட்டை வனப் பாதுகாப்புத் திணைக்களம் பார்க்கிறது. இடையிலுள்ள புல்வெளியைப் பல இடங்களில் யாரும் பார்ப்பதில்லை. தீ பெரும்பாலும் அந்தப் புல்வெளியில்தான் மூள்கிறது. சரிவு 10 பாகை கூடினால் தீ மேலேறும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயை ஆராய்வோர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கணக்கு. எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று நாம் விசாரித்து முடிப்பதற்குள் அது இரண்டு நிறுவனங்களின் காணியைத் தாண்டிவிடும். ஆகவே, இந்த நிறுவனங்கள் ஒன்றுசேரவேண்டிய காலம் தீ மூள்வதற்கு முந்திய மாதங்கள்தான்.

அந்தக் காலம் எது என்பது உங்கள் மலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து சூடேறி நம் பக்கம் இறங்குகிறது. கச்சான் காற்று என்று நாம் சொல்வது அதைத்தான். பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடை, எல்ல பகுதிகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை புல் வைக்கோலாகக் காய்ந்து நிற்பதற்கு அதுவே காரணம். எனவே ஊவாவில் இருப்பவர்கள் சித்திரை வருடப்பிறப்பு கழிந்த கையோடு கூடிப் பேசிவிட வேண்டும். நுவரெலியா, அட்டன், மஸ்கெலியாப் பக்கங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி என்பதால், அங்கே தீபாவளி முடிந்ததும் பேச்சைத் தொடங்குவது நல்லது.

யாரை அழைப்பது என்பதில் அவசரப்படக் கூடாது, ஏனென்றால் முதல் கூட்டத்தில் விடுபட்டவர் தீ எரியும் நாளிலும் விடுபட்டுப்போவார். தோட்ட முகாமையாளர், கிராம உத்தியோகத்தர், அப்பகுதி வன உத்தியோகத்தர், பொலிஸ் பொறுப்பதிகாரி, பிரதேச செயலகத்தின் பிரதிநிதி, மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவின் அலுவலர் ஆகியோர் அவசியம். உயரமான காடு அருகில் இருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஹோட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்கா அந்தத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது, வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் அல்ல. இவர்களோடு தோட்டத் தலைவர்மார், விறகுக்குப் போகும் பெண்கள், மாடு வளர்ப்போர், அடுத்த சிங்களக் கிராமத்தின் பெரியவர்கள் ஆகியோரும் உட்கார வேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன். நம் மலைகளில் மின்னலால் மூளும் தீ அரிது. இளம்புல் துளிர்க்கட்டும் என்று வைக்கும் தீ, தேன் எடுக்கப் போனவர் அணைக்காமல் விட்ட பந்தம், குப்பை எரித்த நெருப்பு, எறிந்துவிட்டுப் போன சிகரெட் என்று பெரும்பாலும் மனிதக் கையே காரணம். எந்தச் சரிவில், எந்த மாதத்தில், எதற்காகத் தீ வைக்கப்படுகிறது என்பதை அலுவலகங்களைவிட மலையில் நடமாடுபவர்களே நன்கு அறிவார்கள். அவர்களைக் குற்றவாளிகளாக்கும் தொனியில் கூட்டம் தொடங்கினால், அந்த அறிவு வாய் திறக்காமலே வீடு திரும்பிவிடும். ஒதுக்குக் காட்டில் தீ வைப்பது வனக் கட்டளைச் சட்டப்படி குற்றம் என்பதை ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டு, மாட்டுக்குப் புல் எங்கே கிடைக்கும் என்ற பேச்சுக்குப் போய்விடுவதே பயன் தரும்.

அடுத்த வேலை வரைபடம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் பிற்பகலில் எங்கள் தோட்டத்துக்கு மேலே புகை எழுந்தபோது, "ஏழாம் நம்பர் மலைக்கு மேலே" என்று தொலைபேசியில் சொன்னோம். உதவிக்கு வந்தவர்களின் வரைபடத்தில் அந்த மலைக்குச் சிங்களத்தில் வேறு பெயர் இருந்ததால், அவர்களுடைய வாகனம் மறுபக்கப் பாதையில் ஏறி, திரும்பிச் சுற்றி வந்துசேர ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அதுவரை, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு, சவுக்குக் கொப்புகளை ஒடித்துத் தீயை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய ரப்பர் செருப்பு உருகிப் பாதத்தில் ஒட்டியிருந்ததை அவர் மாலையில்தான் கவனித்தார். அன்று உழைப்புக்குக் குறைவிருக்கவில்லை. ஒரு மலைக்கு இரண்டு பெயர் இருந்ததே எங்களை வருத்தியது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியது அல்ல. 1970இல் கலிபோர்னியாவில் 13 நாட்களில் 16 உயிர்களையும் 700க்கும் மேற்பட்ட கட்டடங்களையும் பலிகொண்ட தீக்களுக்குப் பின்னர் ஆராய்ந்தபோது, அங்கு வந்து சேர்ந்த அமைப்புகள் வெவ்வேறு வானொலி அலைவரிசைகளையும் வெவ்வேறு சொற்களையும் வெவ்வேறு கட்டளை முறைகளையும் பயன்படுத்தியது பெருங்குறையாகத் தெரிந்தது. அங்குள்ள தீயணைப்பு அமைப்புகள் ஒன்றுகூடி வகுத்த சம்பவக் கட்டளை முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. அதன் சாரத்தை நாம் எளிதாக எடுத்துக்கொள்ளலாம்: எத்தனை நிறுவனங்கள் வந்தாலும் ஒரு தீக்கு ஒரு கட்டளை அமைப்பு, எல்லோருக்கும் ஒரே சொற்கள். உங்கள் வரைபடத்தில் தோட்டத்து நம்பர், தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர் மூன்றையும் ஒரே இடத்தில் எழுதுங்கள். வாகனம் ஏறும் பாதை, பீலி (ஊற்று நீர் விழும் குழாய்), நீர்த்தாங்கி, ஆட்கள் ஒதுங்கக்கூடிய வெற்றிடம் ஆகியவற்றைக் குறியுங்கள்.

உடன்படிக்கை ஒரு தாளுக்கு மேல் போக வேண்டாம். தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். புகையைக் கண்டவர் முதலில் யாரை அழைப்பது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார், 24 மணி நேரமும் இயங்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு யார் அறிவிப்பது, தேயிலையில் தீ என்றால் யார் தலைமை, காட்டுக்குள் போய்விட்டால் அந்தத் தலைமை யாரிடம் எப்போது கைமாறும், அணைக்கப் போகும் தொழிலாளர்களின் அன்றைய சம்பளத்தை யார் தருவது என்பவற்றுக்கு அதில் விடை இருக்க வேண்டும். சம்பளக் கேள்வியைப் பலரும் தவிர்க்கப் பார்ப்பார்கள், தவிர்க்க விடாதீர்கள். பேர் போட்டுவிட்டுத் (வேலைக்கு வந்ததைப் பதிந்துவிட்டுத்) தீயணைக்கப் போனவருக்கு அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், கிடைக்காவிட்டால், அடுத்த முறை அவரை அழைக்க நமக்கு முகம் இருக்காது.

ஊவாவில் என்றால் மே மாதத்தில், புல் இன்னும் பச்சையாக இருக்கும்போதே, தேயிலைக்கும் புல்வெளிக்கும் இடையில் தீ தாண்டாத இடைவெளியை வெட்டுங்கள். புல்லை வேரோடு கொத்தி மண் தெரியச் சுரண்ட வேண்டும். பைனஸ் ஓரமாக இருந்தால், மெத்தைபோல் கிடக்கும் ஊசியிலைகளையும் வாரி அகற்ற வேண்டும். மண்ணை நேராகக் கீழ்நோக்கித் திறந்தால் ஐப்பசி மழை அதை அரித்துவிடும் என்பதால், முடிந்தவரை குறுக்காகவே வெட்டுங்கள். தீ நாளில் யாரும் எரியும் சரிவுக்கு மேலே நிற்கக் கூடாது. பார்த்துக் குரல் கொடுக்க ஒருவர் எதிர்மலையில் நிற்க வேண்டும். ஓடி ஒதுங்கும் வழி எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் இல்லாமல் எதிர்த்தீ, அதாவது வரும் தீக்கு முன்னால் உள்ள புல்லை நாமே எரித்துவிடும் தீ, வைக்கவே கூடாது. அணைந்துவிட்டதாகத் தோன்றிய அடிக்கட்டைகளின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சாம்பலுக்கு அடியில் வேரில் கனன்றுகொண்டிருக்கும் சூட்டைக் கண் காணாது, தோல் உணர்ந்துவிடும்.

அறிவியல் இந்த வேலைக்குள் வருவது பதிவேட்டின் வழியாக. தொடங்கிய இடம், நேரம், காற்று வந்த திசை, எரிந்தது புல்லா பைனஸா தேயிலையா, ஏறத்தாழ எத்தனை ஏக்கர், ஊகிக்கும் காரணம், அணைய எடுத்த நேரம் ஆகிய ஏழு விடயங்களை எல்லா நிறுவனங்களும் ஒரே படிவத்தில் எழுதினால், பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலோ ஆய்வு செய்வோர் அதைச் செயற்கைக்கோள் தரவுகளோடு ஒப்பிட முடியும். நாசா தன் ஃபர்ம்ஸ் (FIRMS) என்ற இணையச் சேவையில், செயற்கைக்கோள்கள் கண்ட தீப் புள்ளிகளை இலவசமாகத் தருகிறது. உங்கள் பிரதேசத்தைக் குறித்துக்கொடுத்தால் மின்னஞ்சலிலும் அறிவிக்கும். 2011இல் ஏவப்பட்ட சுவோமி செயற்கைக்கோளிலுள்ள விர்ஸ் (VIIRS) கருவி நிலத்தை ஏறத்தாழ 375 மீற்றர் பக்கமுள்ள கட்டங்களாகப் பார்த்துத் தீயை இனங்காண்கிறது. ஆனால் அது நம் தலைக்கு மேலே கடப்பது ஏறத்தாழப் பிற்பகல் ஒன்றரை மணிக்கும் இரவு ஒன்றரை மணிக்கும்தான். மூன்று மணிக்கு மூண்டு ஆறு மணிக்கு அணைந்த புல்தீயை அது காணாது. முகில் மறைத்தாலும் காணாது. அந்த இடைவெளியை உங்கள் படிவமே நிரப்பும். முதல் ஆண்டிலேயே முடிவுகளைத் தோட்டத்துக்கு வந்து தமிழில் சொல்ல வேண்டும் என்பதை ஆய்வாளர்களிடம் முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். தகவல் கொடுத்தவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

தீ அணைந்த பிறகு ஒரு நிறுவனத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, லயங்களுக்கு மேலேயுள்ள சரிவு எரிந்தால் எழுத்தில் அறிவிக்க வேண்டும். புல் இல்லாத மண்ணில் ஐப்பசி, கார்த்திகை மழை விழும்போது நீர் உள்ளே இறங்காமல் மேலாக ஓடி மண்ணையும் சாம்பலையும் இழுத்துவரும். கீழே முதலில் கலங்குவது பீலித் தண்ணீர். அதனால் எரிந்த இடத்தைச் செப்டம்பர் இறுதிக்குள் ஒரு முறை எல்லோரும் சேர்ந்து நடந்து பாருங்கள். வெடிப்புகள் தென்பட்ட இடங்களை அதே வரைபடத்தில் குறித்து, ஒரு பிரதியை முகாமையாளரின் அலுவலகத்திலும், ஒன்றைக் கிராம உத்தியோகத்தரிடமும், ஒன்றைப் பிள்ளைக்காம்பரா எனப்படும் குழந்தைகள் காப்பகத்தின் சுவரிலும் ஒட்டிவையுங்கள். தாய்மார் காலையும் மாலையும் வந்துபோகும் இடம் அது.